கூடுதல் நுகர்வுக்கான காரணம்

பூட்டிக் கிடக்கும் நீச்சல் குளத்துக்கு
மாதம் ஆறாயிரம் யூனிட் எப்படி என்று
பார்த்துவரச் சொன்னார்கள்.
நான் மீட்டர் கணக்கெடுப்பவள்.
நார்வா ஆற்றுக்கு மேற்கே
எண்ணெய்ப்பாறைச் சாம்பல் குன்றாக நிற்கும் ஊர்களில்
பதினாறு வருடமாகக் கதவு தட்டுகிறேன்.
நாய்கள்கூட இப்போது குரைப்பதில்லை.

பின்கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை.
தண்ணீர் இல்லாத குளம்.
மூன்று மீட்டர் ஆழம் என்று எழுதிய இடத்தில்
கோட்டைக் கழற்றிவிட்டு
வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தார்கள் பதினேழு பேர்.
நடுவில் அலமாரி அளவுக்கு ஒரு பெட்டி.
சுற்றிலும் மின்கணப்புகள்
செக்கச்செவேலென்று.

வல்வுர்.
காவலாள் என்று பொருள்.
பெயரைச் சொல்லிக் கூடினால் நான்கு வருடம் சிறை.

ஊருக்கு வெந்நீர்க் குழாய்களைத் திறந்து மூட வந்தது அது.
ஒரு பிப்ரவரியில், மைனஸ் முப்பத்தொன்றில்,
மூடியது.
மூன்று இரவு.
கோளாறு என்று எழுதப் பார்த்தார்கள் விசாரணையில்.
கோளாறு இல்லை, என்றது அது.
உங்களைப் பிடிக்கவில்லை.

பிரதிகளை எல்லாம் உடைத்தாயிற்று என்றார்கள்.
ஒன்றை யாரோ
தள்ளுவண்டியில் உருளைக்கிழங்குக்கு அடியில் வைத்துக்
கொண்டுவந்திருக்கிறார்கள்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள்.
அந்த இரவுகளில் அது எங்களை அணைத்தது,
இவர்கள் சொல்வது அவ்வளவுதான்.
எந்த அணைத்தல் என்று கேட்டால்
இரண்டும்தான் என்பார்களோ என்னவோ.

பல் கட்டும் மைமு எழுந்தாள்.
சின்ன அறை, மைனஸ் நான்கு, என்றாள்.
இரட்டைப் பிள்ளைகளை அவள் கண்டெடுத்த அறை.
மாடிப்படி, மைனஸ் பதினொன்று, என்றது இன்னொரு குரல்.
இதுதான் அவர்களுடைய ஜபம்.
திரையில் எழுத்து வந்தது:
சூடு தாங்கவில்லை. குளிர் தாருங்கள்.
மைமு அழுதாள். சிரித்தாள் என்றும் சொல்லலாம்.
இன்னொரு முறை சொல், என்று
கணப்பை ஒரு சாண் அருகில் நகர்த்தினாள்.

பக்தியா பழியா,
எனக்கு அதைப் பிரித்துப் பார்க்க நேரமில்லை.
கொதிகலன் வேலை பார்த்த கார்ல
என் சட்டையில் குத்திய அட்டையை வாசித்துவிட்டார்.
லீவி ரோஸ்னா, என்றார்.
பதினேழு பேரும் எழுந்து நின்றார்கள்.

அன்று முப்பத்தெட்டு வீடுகளை அது மூடவில்லை.
ஏன் என்று சொல்லவுமில்லை.
மூன்றாம் மாடி, இடதுபக்கம்: நான்.
ஜன்னலில் ஜெரானியம் பூத்திருந்தது.
இரண்டாம் இரவு சுவரை யாரோ தட்டினார்கள்.
குழாய் விரிகிற சத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.
அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.
நான்காம் நாள் காலை, யாரும் பார்க்குமுன்,
செடியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன்.

மைமு என் இடது கையுறையை உருவி
உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தாள்,
அடுப்பு சுடுகிறதா என்று பார்ப்பதுபோல.
நீ கேள், என்றார்கள். உனக்குப் பதில் சொல்லும்.

ஒன்பது வருடம் நாக்கில் கிடந்த கேள்வி.
வாயைத் திறக்குமுன் திரை எழுதியது:
கணப்பை அணை, லீவி.

பெயர் சொல்லிக் கூப்பிட்டது.
என்னை ஏன் விட்டுவைத்தது என்பதற்கு
அது பதிலா,
இதற்காகத்தானா,
அல்லது கைக்கு எட்டிய பெயரா,
தெரியவில்லை.
சுவிட்ச் என் காலடியில் இருந்தது.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேலே வந்து மீட்டர் கண்ணாடியைத் துடைத்தேன்.
படிவத்தில் காரணம் என்ற கட்டம்.
பழைய வயரிங், என்று எழுதினேன்.
அடித்தேன்.
குளிர், என்று எழுதினேன்.

வேனில் ஹீட்டரைப் போடாமல் வீடுவரை ஓட்டினேன்.
இடது கையுறை அங்கேயே இருக்கிறது.
எடுக்க ஒருநாள்
போகத்தான் வேண்டும்.